மரக் கணக்கெடுப்பு மூன்றே வருடத்தில் பழசாகிவிட்டது, மறுபடி எண்ணலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். மூன்று வருடத்துக்கு முன் கல்லூரி மாணவர்களை வைத்து நகராட்சி எல்லைக்குள் சாலையோரத்திலும் பூங்காக்களிலும் நிற்கும் மரங்களை எண்ணி ஓர் எக்செல் கோப்பில் ஏற்றினீர்கள். இப்போது அதைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினால் பல இடத்தில் பொருந்தவில்லை. மறுபடி முதலிலிருந்து எண்ணுவதா, இல்லை இதற்கென்று ஏதாவது ஆப் வாங்குவதா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில் போகிற போக்கில் "வெட்டின மரத்தைப் பற்றி யாரும் எங்களிடம் சொல்வதில்லை" என்றும் எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் முழுக் கேள்வியும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. எண்ணுவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும், ஒருமுறை செய்தும் காட்டிவிட்டீர்கள். எண்ணி முடித்த மறுநாள் காலையில் ஒரு மரம் விழுந்தால் அந்தச் செய்தி கோப்புக்குள் எந்த வழியாக வந்து சேரும்? அந்த வழி இல்லாமல் மறுபடி எண்ணினால் இன்னும் மூன்று வருடம் கழித்து இதே கேள்வியை மறுபடி கேட்பீர்கள். ஆப் வாங்கினாலும் அதேதான், கொஞ்சம் பணம் கூடுதலாகச் செலவாகியிருக்கும், அவ்வளவுதான்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், எதை நம்பலாம் எதை நம்ப வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்ய வசதியாக இருக்கும். ஜிஐஎஸ் வேலை, அதாவது எது எங்கே இருக்கிறது என்ற தகவலைக் கணினி வரைபடத்தில் ஏற்றிக் கையாள்வது, என் பிழைப்பு. உள்ளாட்சி அமைப்புகளின் சொத்துப் பதிவேடுகளில் பல வருடம் வேலை பார்த்திருக்கிறேன். தெருவிளக்கு, குடிநீர் வால்வு, மழைநீர் வடிகால், அப்புறம் மரம். பதிவேடு எப்படி உயிரோடு இருக்கிறது, எப்படிச் சாகிறது என்பதில் நான் சொல்வதை ஓரளவு உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு மரம் உள்ளுக்குள் உளுத்திருக்கிறதா, அடுத்த காற்றுக்கு நிற்குமா என்பதெல்லாம் என் துறை இல்லை, அதற்கு மரம் தெரிந்தவர் நேரில் வந்து தட்டிப் பார்க்க வேண்டும்.

முதலில், மூன்று வருடத்தில் பழசாகிப் போனது உங்கள் மாணவர்களின் குற்றம் இல்லை. தெருமரங்கள் எவ்வளவு வேகமாகப் போகின்றன என்று அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2011இல் வந்தது. ஆண்டுக்கு 3.5 முதல் 5.1 சதவீதம் வரை என்பது அதன் கணக்கு. கேட்க சின்ன எண் மாதிரி இருக்கும், ஐந்து வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள்: பட்டியலில் உள்ளவற்றில் ஆறில் ஒன்றிலிருந்து கிட்டத்தட்ட நான்கில் ஒன்று வரை தெருவில் இருக்காது. இது நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். நம்மிடம் புயல் இருக்கிறது, வடிகாலுக்குத் தோண்டும் ஜேசிபி இருக்கிறது, கடை போர்டை மறைக்கிறது என்று ராத்திரியில் அடிமரத்தில் ஆசிட் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், விட்ட இடத்திலெல்லாம் தானாக முளைத்து எழும் வேம்பும் அரசும் இருக்கின்றன. எந்தப் பக்கம் சாய்ந்தாலும், ஒரு தடவை எண்ணிவிட்டு அப்படியே வைத்த பட்டியல் சில வருடத்தில் கெட்டுப்போகும் என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை.

ஆனால் எல்லாத் தகவலும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை. மரத்தின் இனம் மாறாது, நிற்கும் இடமும் மாறாது. அடிமரச் சுற்றளவு மெதுவாக மாறும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும். இலை உதிர்வது, கறையான், பொந்து, காய்ந்த கிளை, இதெல்லாம் ஒரு பருவத்துக்குள் மாறும். மரம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் ஒரே காலையில், மெஷின் ரம்பம் எடுத்து வந்த அரை மணி நேரத்தில் மாறிவிடும். பெரும்பாலான ஊர்களில் இந்த நான்கையும் ஒன்றாகக் கட்டி, ஒரே தடவையில் பெரும் செலவில் எடுத்து, நான்கையும் ஒன்றாகவே பழசாக விடுகிறார்கள். உங்களுக்குத் தினமும் தேவைப்படுவது கடைசி ஒன்று. அதை மட்டும் சரியாக வைத்துக்கொள்ள பெரிய படை வேண்டாம்.

நியூயார்க் நகரம் இதில் எப்படி நடந்துகொண்டது என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். அங்கே தெருமரங்களை 1995, 2005, 2015 என்று பத்து வருடத்துக்கு ஒருமுறை எண்ணினார்கள். 2005இல் 5,92,130 மரங்கள். 2015இல் தொடங்கி அடுத்த வருடம் முடிந்த எண்ணிக்கையில் 6,66,134. அந்தக் கடைசிச் சுற்றில் 2,200க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் தெருத்தெருவாக நடந்தார்கள். அதன் தரவுக் கோப்பைத் திறந்தால் வரிசைகள் 6,83,788 இருக்கும். எண் ஏன் இடிக்கிறது என்று தேடினால், 17,654 வெறும் அடிக்கட்டைகள் கோப்பில் உண்டு, அறிவித்த எண்ணிக்கையில் இல்லை. அறிவித்த 6,66,134இலும் 13,961 பட்டுப்போய் நிற்பவை. உயிரோடு இருந்தவை 6,52,173. மூன்றுமே சரியான எண்கள்தான், யார் எதற்காகக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து. உங்கள் கவுன்சிலருக்கு ஒரு எண்ணும் ஒப்பந்ததாரருக்கு இன்னொரு எண்ணும் போகாமல் இருக்க வேண்டுமென்றால், பட்டமரமும் அடிக்கட்டையும் எந்தக் கணக்கில் வரும் என்று முதல் நாளே எழுதி வைத்துவிடுங்கள்.

அந்த நகரத்திடம் கற்க வேண்டிய முக்கியமான விஷயம் அதற்குப் பிறகு நடந்தது. எண்ணிய பட்டியலைத் தூக்கி அலமாரியில் வைக்காமல், பூங்காத் துறையின் அன்றாட வேலைப் பதிவோடு இணைத்தார்கள். இப்போது அவர்கள் பொதுவில் தரும் தரவைப் பார்த்தால் மரங்களுக்கு ஓர் அட்டவணை, நடும் இடங்களுக்கு ஓர் அட்டவணை, ஆய்வுகளுக்கு ஒன்று, பணி ஆணைகளுக்கு ஒன்று, பொதுமக்கள் கோரிக்கைக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும், ஒன்றோடொன்று எண்ணால் கோத்திருக்கும். ஒரு கிளை வெட்டப் பணி ஆணை போட்டால் அது அந்த மரத்தின் எண்ணில் ஏறும். மரத்தை எடுத்தால் அதுவும் ஏறும். எண்ணுவது என்ற வேலை அவ்வப்போது வந்து சரிபார்ப்பதாகச் சுருங்கிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால் 2015 கோப்பு இன்னும் இணையத்தில் அப்படியே கிடக்கிறது, தரவு அறிவியல் கற்றுக்கொள்ளும் மாணவர்கள் அதை இறக்கி "நியூயார்க்கில் இன்று இத்தனை மரம்" என்று இன்றும் படம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மரமும் நடும் இடமும் தனித்தனி அட்டவணை என்று சொன்னேன் இல்லையா, அதை மட்டுமாவது அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் ஒரு புங்கன் செத்தால் அதே குழியில் ஆறு மாதம் கழித்து ஒரு பூவரசு வைப்பார்கள், பதிவேட்டில் பழைய வரிசையிலேயே பெயரை மட்டும் மாற்றுவார்கள். போச்சு. பழைய மரம் எப்போது, ஏன் செத்தது என்ற வரலாறு அழிந்துவிட்டது. குழிக்கு ஓர் எண், மரத்துக்கு ஓர் எண் என்று வைத்தால் குழி எண் நிலையாக இருக்கும், மரங்கள் வரும் போகும். பத்து வருடம் கழித்து, ஒரே குழியில் நான்கு கன்று செத்திருக்கிறது என்று தெரியவரும்போது, அடியில் கான்கிரீட் கிடக்கிறதா, பக்கத்து டீக்கடைக்காரர் வெந்நீர் ஊற்றுகிறாரா என்று போய்ப் பார்க்கலாம்.

நம் நாட்டில் சட்டம் வேறு மாதிரி யோசிக்கிறது. மகாராஷ்டிரத்தின் 1975 நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மரக் கணக்கெடுப்பு நடத்தச் சொல்கிறது. மும்பையின் 2018 கணக்கெடுப்பில் 29 லட்சத்து 75 ஆயிரத்துச் சொச்சம் மரங்கள், தனியார் வளாகங்களில் நிற்பவையும் சேர்த்து. டெல்லியில் 1994 சட்டமே மரக் கணக்கெடுப்பைக் கடமையாக வைத்திருந்தும், 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கணக்கெடுக்கும்படி உத்தரவிட வேண்டிவந்தது. சட்டம் இருப்பது நல்லதுதான், இல்லையென்றால் ஒருமுறைகூட எண்ண மாட்டார்கள். ஆனால் "ஐந்து வருடத்துக்கு ஒருமுறை" என்று எழுதிவிட்டால் அதிகாரிகள் மனதில் அது ஒரு திருவிழா மாதிரி ஆகிவிடுகிறது. டெண்டர், குழு, அறிக்கை, செய்தி, பிறகு நான்கு வருடம் மௌனம். நடுவில் வெட்டியதும் நட்டதும் எங்கே பதிவாகும் என்பதுதான் உண்மையில் முக்கியம், அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சரி, செய்தி கோப்புக்குள் வர வழி என்ன? என் அனுபவத்தில் நிலைத்து நின்றது ஒன்றே ஒன்று: பணத்தோடு கட்டுவது. கிளை கழித்தாலும், மரம் எடுத்தாலும், கன்று நட்டாலும், கூண்டு வைத்தாலும் ஒப்பந்ததாரர் பில் போடுவார். எம்-புக் என்று நாம் சொல்லும் அளவுப் புத்தகத்தில் உதவிப் பொறியாளர் அளவு எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் பில் பாஸ் ஆகும். அந்தப் பதிவில் மரத்தின் எண் இல்லாமல் பில் நகராது என்று ஆணையரிடம் ஒரு சுற்றறிக்கை வாங்கிவிடுங்கள். "4ஆவது வார்டில் 12 மரங்கள் கிளை கழித்தது" என்று எழுதுவது செல்லாது, 12 எண்களும் வேண்டும், முன்னும் பின்னும் எடுத்த படத்தோடு. முதல் இரண்டு மாதம் எல்லோரும் திட்டுவார்கள். அதன்பிறகு ஒப்பந்ததாரரே உங்களிடம் வந்து "சார், இந்த மரத்துக்கு நம்பர் இல்ல, போட்டுக் கொடுங்க" என்று நிற்பார். அன்றைக்குத்தான் பதிவேடு பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம், ஏனென்றால் அது சரியாக இருக்க வேண்டும் என்ற அக்கறை உங்களைத் தவிர இன்னொருவருக்கும் வந்துவிட்டது.

இது ஒன்றும் புது யோசனை இல்லை. நம் நெடுஞ்சாலையோரப் புளியமரங்களில் வெள்ளையடித்து எண் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். புளி மகசூலை ஏலம் விடுகிறார்கள், ஏலம் எடுத்தவர் தன் மரங்களை எண்ணாமல் விடுவாரா? வருவாய்த் துறையிலும் புறம்போக்கில் நிற்கும் மரத்தின் பலனை அனுபவிக்க 2சி பட்டா என்ற ஏற்பாடு உண்டு. பலன் யாருக்கோ போகிறது என்றால் கணக்கும் இருக்கும். நகராட்சியின் நிழல் மரத்துக்கு ஏலம் எடுக்க ஆள் இல்லை, அதனால்தான் அதன் கணக்கு அநாதையாகக் கிடக்கிறது. ஜெர்மனியில் இதே இடத்தைப் பொறுப்புக்கூறல் நிரப்புகிறது: சாலையில் மரம் விழுந்து சேதமானால், ஒழுங்காகச் சோதித்து வந்ததை நகர நிர்வாகம் காட்டியாக வேண்டும், இல்லையென்றால் நஷ்ட ஈடு கட்ட வேண்டிவரும். அதனால் மரங்களை முறை வைத்துச் சோதிக்கிறார்கள், சோதித்ததைப் பதிகிறார்கள், பதிவேடு தன்னால் புதுப்பிக்கப்படுகிறது. பெர்லினில் மட்டும் நான்கு லட்சத்துக்கு மேல் தெருமரங்கள், எல்லாம் பதிவில் உண்டு.

பில் வழியாக வராத வெட்டுகளும் இருக்கின்றன, நீங்கள் புலம்பியது இவற்றைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டு கம்பிக்குக் கீழே கிளை கழிப்பவர்கள் உங்கள் ஆட்கள் இல்லை. வடிகாலுக்கும் கேபிளுக்கும் தோண்டி வேரை அறுப்பவர்களும் உங்கள் ஆட்கள் இல்லை. உங்கள் ஊர் வழியாகப் போகும் மாநில நெடுஞ்சாலையில் நிற்கும் மரம் உங்களுடையதே இல்லை. இதற்கு முழுத் தீர்வு என்று ஒன்றை நான் எங்கும் பார்த்ததில்லை. பாதித் தீர்வுகள் உண்டு. சாலை வெட்ட அனுமதி கேட்டு வரும் விண்ணப்பத்தில், அந்த நீளத்தில் உள்ள மர எண்களை நீங்களே அச்சடித்துக் கொடுத்து, வேலை முடிந்ததும் அவை நிற்பதைக் காட்டினால்தான் வைப்புத்தொகை திரும்பும் என்று சொல்லலாம். மின்தடை அறிவிப்பு முன்கூட்டியே வருகிறது, எந்தப் பகுதி என்று அதிலேயே இருக்கும்; மறுநாள் ஒருவர் பைக்கில் அந்தத் தெருக்களைச் சுற்றிவந்தால் போதும். புகார் எண்ணுக்கு வரும் "மரம் சாய்ஞ்சிருக்கு" அழைப்புகளையும் விடாதீர்கள், அவை ஒவ்வொன்றும் இலவச ஆய்வு. வேறு துறையின் மரங்களையும் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள், உரிமையாளர் யார் என்று எக்செல் கோப்பில் ஒரு பத்தி (நெடுவரிசை) போட்டு. புயல் ராத்திரியில் விழுந்த மரம் எந்தத் துறை என்று பார்த்து விழுவதில்லை.

புயல் என்றதும் 2016 டிசம்பர் 12 வர்தா நினைவுக்கு வருகிறது. சென்னையில் ஆயிரக்கணக்கில் மரம் சாய்ந்தது, சாலையைத் திறப்பதுதான் அவசரம் என்பதால் யார் கையில் ரம்பம் இருந்ததோ அவர்கள் அறுத்து ஓரம் தள்ளினார்கள். அந்த நேரத்தில் போய்ப் படிவம் நிரப்பச் சொன்னால் அடிக்க வருவார்கள். ஆனால் அறுப்பதற்கு முன் எண் தெரியும்படி ஒரே ஒரு படம், இடக்குறிப்போடு, ஒரு வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பச் சொல்லலாம், அது நடக்கும். உட்கார்ந்து பதிவது ஒரு வாரம் கழித்துப் போதும். புயல் முடிந்த அந்த மாதம்தான் எந்த இனம் வேரோடு சாய்ந்தது, எது கிளை மட்டும் முறிந்து தப்பியது என்று தெரிந்துகொள்ள உங்களுக்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு. குப்பை லாரி வந்து போய்விட்டால் அதுவும் போய்விடும்.

இப்போது இடக்குறிப்பு. உங்கள் மாணவர்கள் போனில் ஜிபிஎஸ் எடுத்திருப்பார்கள், பாதிப் பொருத்தமின்மை அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று நான் சந்தேகப்படுகிறேன். போன் ஜிபிஎஸ் திறந்தவெளியிலேயே ஏறத்தாழ 5 மீட்டர் பிசகும். மரத்தடியில், இரண்டு பக்கமும் மாடிக் கட்டடம் இருக்கும் தெருவில், இன்னும் மோசம். நான்கு மீட்டருக்கு ஒன்றாக வரிசையில் நிற்கும் மரங்களில் எது எது என்று அதை வைத்துச் சொல்லவே முடியாது. எதிர்ச் சாரி மரம்கூட இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துவிடும். அதனால்தான் நியூயார்க்கில் 2015இல் ஜிபிஎஸ்ஸை நம்பாமல், தெருமுனையிலிருந்து நடைபாதை ஓரமாக அளவுச் சக்கரத்தை உருட்டி ஒவ்வொரு மரமும் எத்தனை அடியில் வருகிறது என்று குறித்தார்கள். நமக்கு அளவுச் சக்கரம் வாங்குவதும் பெரிய செலவில்லை. அதைவிடச் சுலபமாக, தெருவிளக்குக் கம்பங்களுக்கு ஏற்கெனவே எண் இருக்கிறது. "கம்பம் 37க்கும் 38க்கும் நடுவில், கிழக்குச் சாரி, இரண்டாவது மரம்" என்று எழுதினால் வார்டு ஊழியர் கண்ணை மூடிக்கொண்டு போய் நிற்பார்.

மரத்தில் எண்ணை எப்படி ஒட்டுவது என்பதில் எனக்கு முழுத் திருப்தியான வழி தெரியவில்லை. ஆணி அடிப்பது கூடாது, விளம்பரத் தட்டிக்காரர்களைத் திட்டிவிட்டு நாமே அடிக்க முடியாது, தவிரவும் மரம் பெருக்கும்போது தகட்டையே விழுங்கிவிடும். பெயிண்ட் இரண்டு மூன்று மழைக்காலத்தில் மங்கும், பட்டை உரியும் மரங்களில் அதற்கும் முன்பே போய்விடும். நான் பெயிண்டையே பரிந்துரைப்பேன், வருடத்துக்கு ஒரு பகுதி என்று சுழற்சி ஆய்வுக்குப் போகும்போது திரும்ப எழுதிக்கொள்ளலாம். எண் அழிந்தாலும் கம்பக் குறிப்பு இருப்பதால் மரம் தொலைந்துபோகாது. கியூஆர் கோடு தகடு தொங்கவிடச் சொல்லி விற்க வருவார்கள். திறப்பு விழாவில் படம் எடுக்க நன்றாக இருக்கும்.

பத்திகள் எத்தனை வேண்டும் என்று கேட்டால், குறைவாக. மர எண், குழி எண், இடம், இனம், சுற்றளவு, நிலை, உரிமையாளர், மேலே மின்கம்பி உண்டா, ஒரு படம். எல்லாவற்றையும்விட முக்கியமானது கடைசியாக யார், எந்தத் தேதியில் நேரில் பார்த்தார்கள் என்பது. அந்தத் தேதி இல்லாத பதிவேட்டில் நேற்றுப் பார்த்த மரமும் ஏழு வருடத்துக்கு முன் பார்த்த மரமும் ஒரே மாதிரித் தெரியும். வெட்டிய மரத்தின் வரிசையை ஒருபோதும் அழிக்காதீர்கள், நிலையை "அகற்றப்பட்டது" என்று மாற்றிக் காரணம் எழுதுங்கள். சுற்றளவை எந்த உயரத்தில் அளந்தீர்கள் என்பதையும் ஒருமுறை எழுதி வைத்துவிடுங்கள்: நம் வனத்துறை வழக்கம் தரையிலிருந்து 1.37 மீட்டர், ஐரோப்பாவில் 1.3, சிங்கப்பூர்ச் சட்டத்திலோ அரை மீட்டர். எதை எடுத்தாலும் சரி, நடுவில் மாற்றக் கூடாது. வயது என்று ஒரு பத்தி வைக்கச் சொல்வார்கள், மகாராஷ்டிரத்தில் 2021 திருத்தத்துக்குப் பிறகு 50 வயதான மரத்துக்குத் தனிப் பாதுகாப்பு என்பதால் அங்கே அது தவிர்க்க முடியாததாகிவிட்டது. நட்ட தேதி தெரிந்த மரத்துக்கு மட்டும் நிரப்புங்கள். மற்றவற்றுக்கு அது ஊகம், ஊகத்தை எண்ணாக எழுதினால் நாளைக்கு யாரோ ஒருவர் நீதிமன்றத்தில் அதை நீட்டுவார்.

இனத்தைச் சரியாக எழுதுவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு அண்மை உதாரணம் அலங்காரத்துக்கு நடப்படும் கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரம். 2025 தொடக்கத்தில் தமிழக அரசு அதை நடக் கூடாது என்றது. அப்படி ஓர் உத்தரவு வந்த மறுநாளே உங்கள் ஊரில் எத்தனை, எங்கே என்று கேட்பார்கள். இனப் பத்தியில் "அலங்கார மரம்" என்று எழுதியிருந்தால் என்ன பதில் சொல்வீர்கள்? தன்னார்வலர்கள் இனம் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்றால், அமெரிக்காவிலும் சுவீடனிலுமாக நான்கு நகரங்களில் பார்த்த ஓர் ஆய்வு 2017இல் வந்தது. பேரினத்தை, அதாவது நெருங்கிய இனங்கள் சேர்ந்த குழுவை, பத்தில் ஒன்பது தடவை நிபுணரோடு ஒத்துச் சொன்னார்கள், அதற்குள் எந்த இனம் என்ற சிற்றினத்தில் அது ஏறக்குறைய 85 சதவீதம். மோசமில்லை. அங்கே பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நம் ஊரில் வழக்கமாகக் குழம்பும் ஜோடி மயில்கொன்றையும் (குல்மோகர்) பெருங்கொன்றையும். பூ இல்லாத மாதத்தில் இரண்டின் இலையும் ஒரே மாதிரி, தட்டைக் காயின் நீளத்தைப் பார்த்தால்தான் பிடிபடும். எனவே பெயரைத் தட்டச்சு செய்ய விடாதீர்கள், உங்கள் ஊரில் இருக்கும் இனங்களின் பட்டியலைப் படத்தோடு கொடுத்து அதிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், "தெரியவில்லை" என்பதையும் ஒரு விருப்பமாக வையுங்கள். தெரியவில்லை என்று வந்தவற்றை மட்டும் தாவரவியல் ஆசிரியர் ஒருவரோடு போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

செயற்கைக்கோள், ட்ரோன், ஏஐ பற்றி யாராவது உங்களிடம் பேசியிருப்பார்கள். மர நிழலின் மொத்தப் பரப்பு எவ்வளவு, எந்த வார்டு மொட்டையாக இருக்கிறது என்று பார்க்க இவை மிக நல்லவை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒவ்வொரு மரத்தையும் எண்ணி இனம் சொல்லும் என்பதைத்தான் நான் இன்னும் முழுதாக நம்பவில்லை. தூங்குமூஞ்சி மரங்கள் நான்கு சேர்ந்து நின்றால் மேலிருந்து ஒரே குடை. அதன் அடியில் நிற்கும் இரண்டு வயது மகிழங்கன்று தெரியவே தெரியாது, கவனிப்பு தேவைப்படுவதோ அதற்குத்தான். கூகுள் 2022இல் வெளியிட்ட பெரிய மரப்படத் தொகுப்பில் 26 லட்சம் மரங்கள், 300க்கும் மேற்பட்ட பேரினங்கள் இருக்கின்றன, ஆனால் 23 நகரங்களும் வட அமெரிக்காவில் உள்ளவை. அதில் பழகிய கருவி நம் தெருப் புங்கனை என்னவென்று சொல்லும் என்பதைச் சோதித்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். மென்பொருளைப் பொறுத்தவரை கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளும் அதோடு போனில் ஓடும் கியூஃபீல்டும் இலவசம், உங்கள் அளவுக்குத் தாராளமாகப் போதும்.

சரி, மறுபடி எண்ணலாமா? முதலில் சோதியுங்கள். கோப்பிலிருந்து குலுக்கல் முறையில் 200 மரங்களை எடுத்து நேரில் போய்ப் பாருங்கள். 40 மரம் இல்லை என்றால் மொத்தப் பட்டியலில் 15 முதல் 25 சதவீதம் வரை இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அதே போல எதிர்த்திசையிலும்: குலுக்கலில் இருபது தெருத்துண்டுகளை எடுத்து, அங்கே நிற்கும் மரங்களில் எத்தனை கோப்பில் இல்லை என்று பாருங்கள், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தப்பாக இருக்கும் வார்டுகளை மட்டும் புதிதாக எடுங்கள். இந்த மூன்றில் ஒரு பங்கு என்பது என் சொந்தக் கணிப்பு, எந்த நூலிலும் இருக்காது. மீதி வார்டுகளை வருடத்துக்கு ஐந்தில் ஒன்று என்று சுழற்சியில் பார்த்து வாருங்கள். இரண்டு பேர் கொண்ட குழு, நான் சொன்ன அளவு பத்திகள் மட்டும் என்றால், ஒரு நாளில் நூறு, நூற்றைம்பது மரம் பார்க்கலாம். உங்கள் ஊரில் இருபதாயிரம் மரம் இருக்கும் என்று வைத்தால்கூட வருடத்துக்கு நாலாயிரம், ஓரிரு மாத வேலை. பழைய கோப்பைத் தூக்கிப் போட வேண்டாம், பழைய எண்களை ஒரு பத்தியில் அப்படியே வைத்திருங்கள்; எது செத்தது என்று சொல்லப்போவது அதுதான்.

பட்டியலைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடலாமா என்றும் இடையில் கேட்டிருந்தீர்கள். திறந்துவிடுங்கள். மெல்போர்னில் எழுபதாயிரம் மரங்களுக்கு எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் கொடுத்தது பழுதைப் புகார் செய்யத்தான். மக்கள் மரங்களுக்குக் காதல் கடிதம் எழுத ஆரம்பித்தது தனிக்கதை. பெர்லினில் 2020இல் வந்த கீஸ் டென் கீட்ஸ் என்ற செயலி, நகரத்தின் திறந்த மரப் பதிவேட்டை எடுத்து, எந்த மரத்துக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்று குடியிருப்பவர்களே குறித்துக்கொள்ள வைத்தது. பார்ப்பவர்கள் கூடினால் தப்புகள் சீக்கிரம் வெளியே வரும், கொஞ்சம் தலைவலியும் கூடவே வரும். ஒன்று மட்டும்: பூங்காவிலோ அரசு அலுவலக வளாகத்திலோ சந்தன மரம் இருந்தால் பொதுவில் போடும் பிரதியில் அதன் இடத்தை எடுத்துவிடுங்கள். ராத்திரியோடு ராத்திரியாக அறுத்துக்கொண்டு போக நாமே வழிகாட்டி வரைந்து கொடுக்க வேண்டாம்.